மேடத்தின் குரல்

நாயை முத்தமிட்ட வாயோடு அப்படியே தேநீர் குடிக்கிறவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பது நோமாஃபுவின் முடிந்த முடிவு. அதனால், அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே மிஸஸ் ஹார்வுட் கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து ஓரம் உதிர்ந்த ஒரு எனாமல் குவளையை எடுத்து, "இது உனக்கு, டோரா. மற்றதோடு சேர்த்து வைக்க வேண்டாம்" என்று மென்மையாகச் சொன்னபோது அவளுக்குத் துளியும் வருத்தமில்லை.

"நல்லதாப் போச்சு. அவங்க எச்சில் என் குவளையில படாது பாரு" என்று பக்கத்து வீட்டுச் சமையல்காரி தாண்டேகாவிடம் சொன்னாள். எப்போதாவது எஜமானியின் கை அந்தக் குவளையில் பட்டுவிட்டால், சாம்பல் போட்டு இரண்டு தரம் தேய்ப்பாள்.

டோரா என்றது நோமாஃபுவைத்தான். அவள் பெயர் மிஸஸ் ஹார்வுட்டின் வாயில் நுழையவில்லையாம். 1944-இல் பெட்டி என்ற சின்ன ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் போர்ட் எலிசபெத் நகரத்துக்கு வந்து சேர்ந்தவள் அவள். பதினெட்டு வருஷம் ஆகியும் நுழையவில்லை.

நோமாஃபுவும் சளைத்தவளில்லை. மிஸ்டர் ஹார்வுட்டுக்கு 'வெந்நீர் ஊத்தின கோழி' என்று பெயர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரும் பாதிரியார் 'வேகாத மாவு'. வெறுப்பை மட்டும் எடைபோட்டால் அவளுடையதுதான் கனமாக இருந்திருக்கும். மிஸஸ் ஹார்வுட் யாரையும் வெறுத்ததாகச் சொல்ல முடியாது. நோமாஃபுவுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார், குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் நோமாஃபு எத்தனை பெயர் வைத்தாலும் வெந்நீர் ஊத்தின கோழி தன் மெத்தையில் சுகமாகத்தான் தூங்கியது. மிஸஸ் ஹார்வுட் அவளுடைய அடையாளப் புத்தகத்தில் மாதம் ஒருமுறை கையெழுத்துப் போடவில்லையென்றால், அவள் மூன்று நாளில் அந்த நகரத்தை விட்டே போயாக வேண்டும். அவள் புருஷன் ஸோலிலே அவளைப் பார்க்க வருவதற்குக்கூட மிஸஸ் ஹார்வுட்டின் அனுமதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரலாம், நாலு மணிக்குப் போய்விட வேண்டும். அவர்களுடைய மகள்கள் இருவரும் ஊரில் ஸோலிலேயின் அக்காவிடம் வளர்ந்தார்கள்.

இதெல்லாம் நோமாஃபுவுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் சிரிக்கிற வரைக்கும் தான் தோற்கவில்லை என்று அவள் நம்பினாள். அதற்கு அவளிடம் ஒரு ஆயுதம் இருந்தது. மேடம் குரல்.

வியாழக்கிழமை மதியம் வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு ஓய்வு. சிவப்பு மேல்சட்டையும் வெள்ளைக் காலருமாகப் பெண்கள் ஜெபத்துக்குக் கூடுவார்கள். ஜெபம் முடிந்ததும் நோமாஃபுவைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

"அக்கா, மேடம் குரல்ல ஒண்ணு பேசேன்" என்று தாண்டேகாதான் ஆரம்பிப்பாள்.

நோமாஃபு முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மூக்கின் வழியாகப் பேசத் தொடங்குவாள். "டோரா, ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டாயா? பாவம், அதற்கும் தாகம் எடுக்குமல்லவா?" பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டால் மிஸஸ் ஹார்வுட்டேதான்.

விளையாட்டு ஒருநாள் தொலைபேசி வரைக்கும் போனது. கசாப்புக் கடையில் 'வேலைக்காரர் கறி' என்று தனியாக விற்பார்கள், எலும்பும் ஜவ்வுமாக. மேடம் வெளியே போயிருந்த நேரம் பார்த்து நோமாஃபு போன் செய்தாள். "என் வேலைக்காரிக்குப் போன வாரம் நீங்கள் அனுப்பிய கறி சகிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது." மறுமுனையில் கடைக்காரர் நூறு தடவை மன்னிப்புக் கேட்டார். மூன்று மாதம் நல்ல கறி வந்தது. ஸோலிலே ஞாயிற்றுக்கிழமைகளில் இடித்த சோளத்தோடு அந்தக் கறியைத் தின்றுவிட்டு, "மாபேலே, நிஜ மேடம் வீட்டுல இருக்கறதே நமக்கு இடைஞ்சல்தான்" என்பான். அவளை அவன் குலப்பெயரால்தான் கூப்பிடுவான். அவளுக்கும் அவன் 'ரடேபே'தான்.

1962 அக்டோபரில் ஒரு ஞாயிறு. ஹார்வுட் தம்பதி சாப்பாட்டுக் கூடையோடு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். போகும்போது மிஸஸ் ஹார்வுட், "டோரா, உன் கணவன் இன்று வருகிறான் அல்லவா? கூரை ஓரத்துத் தகர வடிகாலில் இலை அடைத்திருக்கிறது. சிரமமில்லையென்றால் கொஞ்சம் பார்க்கச் சொல்லேன்" என்றார். சிரமமாக இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

பதினோரு மணி வாக்கில் ஏணி சரிந்தது. நாற்றுப் பாத்தியை மூடியிருந்த கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே ஸோலிலே விழுந்தான். தொடையில் ஆழமான வெட்டு. நோமாஃபு ஓடிவந்து பார்த்தபோது ரத்தம் துடித்துத் துடித்து வெளியேறிக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். அது நனைந்தது. மேஜை விரிப்பைக் கொண்டுவந்து கட்டினாள். அதுவும் நனைந்தது.

போனுக்கு ஓடினாள். கையை வைத்ததும் ஒரு கணம் நின்றாள். போன வருஷம் தாண்டேகா மேல் கொதிக்கும் சூப் கொட்டியபோது இவள்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள், தன் சொந்தக் குரலில். "வெள்ளையரா, கறுப்பரா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கறுப்பர்களுக்கு நகரம் முழுவதற்கும் ஒரே வண்டி. அது வர இரண்டரை மணி நேரம் ஆனது. ஸோலிலேக்கு அவ்வளவு நேரம் இல்லை.

அவள் முதுகை நிமிர்த்தினாள்.

"வணக்கம். அக்கேசியா தெரு, பதினான்காம் எண். தோட்டத்தில் ஒருவருக்குப் பலமாக அடிபட்டிருக்கிறது. உடனே வண்டி அனுப்புகிறீர்களா?"

"இதோ அனுப்பிட்டோம், மேடம். பதட்டப்படாதீங்க, மேடம்."

வெள்ளையரா, கறுப்பரா என்று கேட்கவில்லை. அந்தத் தெருவும் அந்தக் குரலும் போதுமானவையாக இருந்தன.

ஸோலிலே கண்ணைத் திறந்து, "யாரு, மேடம் வந்துட்டாங்களா?" என்றான்.

"ஆமா, வந்துட்டாங்க. வாய மூடிட்டுப் படு."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

எட்டே நிமிஷத்தில் வண்டி வந்துவிட்டது. செம்மீசைக்காரர் ஒருவரும் இளைஞன் ஒருவனும் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள்.

"யார் கூப்பிட்டது? மேடம் எங்க?" என்றார் செம்மீசை.

"மேடம்தாங்க கூப்பிட்டாங்க. வெளிய போயிருக்காங்க."

"அடிபட்டவர் எங்க?"

நோமாஃபு காட்டினாள். செம்மீசை ஸோலிலேயைப் பார்த்தார். பிறகு ரோஜாச் செடிகளுக்குப் பின்னால் பார்த்தார், வேலியோரம் பார்த்தார். இன்னொருவர் எங்கேயாவது கிடக்கக்கூடும் என்பதுபோல.

இளைஞன் மண்டியிட்டுக் காயத்தை அழுத்தினான். "அண்ணே, பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு. இப்பவே கொண்டுபோனா ஆள் பிழைச்சுக்குவான்."

"எந்த வண்டியில கொண்டுபோவ?" என்றார் செம்மீசை.

செம்மீசை வண்டிக்குப் போய் ரேடியோவில் பேசிவிட்டு வந்தார். "கறுப்பங்க வண்டி அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் ஷெட்டிலேர்ந்து கிளம்பி ஊரோட அந்தக் கோடிக்குப் போயிருக்கு. திரும்பினதும் வரும்."

அஞ்சு நிமிஷம். நோமாஃபு போனில் பேசிய நேரத்தில் அந்த வண்டி சும்மாதான் நின்றிருக்கிறது.

"ஐயா, ஸ்ட்ரெச்சர் வேணாங்க. கீழ போட்டுக் கொண்டுபோங்க. வண்டிய நான் கழுவித் தர்றேங்க. ஒரு சொட்டு ரத்தம் இல்லாம கழுவித் தர்றேங்க."

"அது என் கையில இல்ல, பொண்ணே. ஏத்தினா நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது." அவர் நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த மனிதர் கொடியவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவர் கொடியவரில்லை. விதியைக் கடைப்பிடித்தார், அவ்வளவுதான்.

அவர்கள் காலி ஸ்ட்ரெச்சரை மடிக்கத் தொடங்கினார்கள். அப்போது நோமாஃபுவிடமிருந்து அந்தக் குரல் வெளிப்பட்டது. அவள் யோசித்துப் பேசவில்லை.

"சற்று நில்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் மேலதிகாரியிடம் நான் இன்றே பேசப் போகிறேன்."

இருவரும் விறைத்து நின்றார்கள். செம்மீசையின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. "மன்னிச்சுக்கங்க, மேடம்" என்றபடி வராந்தாப் பக்கம் திரும்பினார். அங்கே யாருமில்லை. மெல்லத் திரும்பி, புல்தரையில் ரத்தத்தில் மண்டியிட்டிருந்த கறுப்புப் பெண்ணைப் பார்த்தார். அவர் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது.

"நீதானா? போன் பண்ணினதும் நீதானா? பொய் சொல்லி வண்டியக் கூப்பிட்டா உள்ள தள்ளிடுவாங்க, தெரியுமா உனக்கு?"

வண்டி போய்விட்டது. இளைஞன் மட்டும் ஒரு கட்டுத்துணிச் சுருளைப் புல்லில் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

நோமாஃபு மறுபடி போன் செய்தாள், சொந்தக் குரலில். "வெள்ளையரா, கறுப்பரா?" என்றார்கள். சொன்னாள். "ஏற்கெனவே எழுதியாச்சு. வரும்" என்றார்கள்.

ஸோலிலேயின் தலை அவள் மடியில் இருந்தது. முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"மாபேலே, தொப்பியத் தொட்டான், பாத்தியா?"

"பேசாத, ரடேபே."

"நிஜமாவே தொட்டான்" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. கறுப்பர் வண்டி வந்தபோது ஒரு மணி நேரமும் ஐம்பது நிமிஷமும் கடந்திருந்தது. ஓட்டிவந்தவரும் கறுப்பர். ஸோலிலேயின் கண்ணை மூடிவிட்டு, தொப்பியைக் கழற்றி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மிஸஸ் ஹார்வுட்டும் அழுதார். "நான் இருந்திருந்தால் என் காரிலேயே கொண்டுபோயிருப்பேன்" என்றார். அதை அவர் மனதார நம்பினார். அடக்கத்துக்குப் பூக்கூட அனுப்பினார். ஒரு வாரம் கழித்து ஆம்புலன்ஸ் அலுவலகத்திலிருந்து புகார்க் கடிதம் வந்தது. அதைப் படித்ததும் அவர் கண்ணீர் வற்றிவிட்டது.

"என் குரலிலா, டோரா? என் வீட்டிலேயே, என்னையே கேலி செய்துகொண்டிருந்தாயா?" அவர் மனம் நிஜமாகவே புண்பட்டிருந்தது. "நீ உண்மையைச் சொல்லியிருந்தால் உங்கள் வண்டி அப்போதே வந்திருக்கும். ஸோலிலே இன்று இருந்திருப்பான். இதை நீதான் யோசித்துப் பார்க்க வேண்டும்."

அந்த மாதம் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு கடுஞ்சொல் இல்லை, ஒரு அடி இல்லை. மூன்றாம் நாள் நோமாஃபு ஒரு துணிமூட்டையோடு பெட்டி ஊருக்குப் போகும் பேருந்தில் இருந்தாள். எனாமல் குவளையை மிஸஸ் ஹார்வுட் கொடுத்தனுப்பினார். ஸோலிலேயின் குழிமேடு நகரத்தில் தங்கிவிட்டது. அதற்குக் கல் வைக்கக்கூட அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் அவள் அந்தக் குரலில் பேசவில்லை. கல்யாணங்களில் கேட்பார்கள். எழுந்து போய்விடுவாள். மற்றவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். அவள் நினைத்தது வேறு. தன் புருஷனைக் கொன்றது தன் பொய்தான் என்று மிஸஸ் ஹார்வுட் சொன்னதை அவள் நம்பினாள். வெள்ளைக்காரர்கள் சொன்ன எதையும் நம்பாதவள் அதை மட்டும் நம்பிவிட்டாள்.

காலம் மாறியது. நிறம் பார்த்த சட்டங்கள் போயின. அடையாளப் புத்தகத்தை அவள் அடுப்பில் போட்டாள். தாண்டேகாவும் வேலையிலிருந்து ஓய்ந்து, போக்கிடமில்லாமல் அவளோடு வந்து தங்கினாள்.

1997-இல் ஒரு காலை, தாண்டேகா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் சாய்ந்தாள். மளிகைக் கடையில் போன் இருந்தது. எழுந்து போகப் போன நோமாஃபுவின் கையைத் தாண்டேகா பிடித்தாள்.

"அக்கா... மேடம் குரல்ல பேசு. அப்பத்தான் சீக்கிரம் வருவாங்க."

"சும்மா கிட."

கடையில் போன் செய்தாள். எழுபத்திரண்டு வயதுக் குரல், பெட்டி ஊர்க் குரல், அவள் சொந்தக் குரல். என்ன செய்கிறது என்று கேட்டார்கள். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டார்கள். சொன்னாள். பிறகு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

"சரிம்மா, வண்டி கிளம்புது" என்று ஒரு பெண்குரல் சொல்லி, வைத்துவிட்டது.

அந்தப் பகுதிக்கு இன்னும் ஒரே வண்டிதான். பாதையும் பழைய பாதைதான். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனாலும் தாண்டேகாவுக்கு மூச்சு இருந்தது. இளம் நர்ஸ் ஒருத்தி அவள் முகத்தில் காற்றுக் குழாயை மாட்டிவிட்டு, நோட்டைத் திறந்து நிமிர்ந்தாள்.

"யாரும்மா கூப்பிட்டது?"

நோமாஃபு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான்தான். நோமாஃபு."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். ஒரு எழுத்தும் தடுமாறவில்லை. வண்டி போனது. புழுதி அடங்கும் வரைக்கும் கிழவி வழியிலேயே நின்றாள். பிறகு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கல்லில்லாத மேட்டில் படுத்திருப்பவனோடு சத்தமாகப் பேசினாள்.

"ரடேபே, அவங்க கேக்கவே இல்ல. எந்த வீடுனு மட்டும்தான் கேட்டாங்க. அன்னிக்கும் அது மட்டும் கேட்டிருந்தா நான் எதுக்குய்யா பொய் சொல்லப் போறேன்?"

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஸோலிலே செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.