சாஸ்வடுக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பி வைத்த கதை

சரவணண்ணே, நீ கடைசியாகச் செய்த பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று சாஸ்வட் பக்கமிருந்து போன் வந்தது. உடனே வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீ இருந்தால் உன் பைக்கில் போயிருப்போம். நீ இல்லாததால் பஸ்ஸில் போய்ச் சீரழிந்தேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சரவணன் என் அண்ணன். சிஞ்ச்வட்டில் வெல்டர். ஓய்வு நேரத்தில், வெயிலில் பழம் காயவைக்கும் பெட்டி செய்வான். சாய்ந்த கண்ணாடி, உள்ளே கறுப்புத் தகடு, வலைத் தட்டுகள், ஈரக்காற்று போக மேலே ஒரு குழாய். கரண்ட் வேண்டாம். சாஸ்வட் பக்கம் அத்தித் தோட்டம் வைத்திருக்கும் பபன் காகாவுக்கு ஒன்று செய்து கொடுத்தான். அடுத்த வாரம் வேலை முடிந்து வரும்போது ரோட்டுப் பள்ளத்தில் பைக் விழுந்து செத்துப்போனான். நான் எட்டாவதோடு நின்றவள். அவன் வெல்டிங் வைக்கும்போது தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்ததுதான்.

காலை ஏழு மணிக்கு விஷ்ராந்த்வாடி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஹடப்சர் பஸ் இரண்டு நிற்காமலே போயின. மூன்றாவதில் ஏறி ஐம்பது ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் கள்ளநோட்டைப் பார்ப்பது போல் பார்த்தார். வழியில் எல்லோரும் பேசியது மராத்தி. நம் பேச்சில் எழுதுகிறேன்; தாயி என்றால் அக்கா, தாதா அண்ணன், காகா சித்தப்பா, மாவ்ஷி சித்தி.

"தாயி, காலங்காத்தால எல்லாரும் ஐம்பத நீட்டினா நான் என்ன பேங்கா?"

"நிக்காம ஓடுற பேங்க நான் பாத்ததில்ல, தாதா."

சிரித்தார். சில்லறை மட்டும் இறங்கும்வரை வரவில்லை.

ஹடப்சரிலிருந்து சாஸ்வட் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். திவே காட் மலை வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் அசையவில்லை. கீழே ஏரி எவ்வளவு அழகு பார் என்று பக்கத்து சீட் அம்மா காட்டினார். பெட்டியை ஏற்ற வரும் டெம்போதான் என் கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

சாஸ்வடில் டீ பத்து ரூபாய். அதில் சர்க்கரையைத் தவிர ஒன்றுமில்லை. அங்கிருந்து கிராமத்துக்கு ஷேர் ஜீப், முப்பது ரூபாய். "இன்னும் ரெண்டே பேர், கிளம்பிடலாம்" என்றார் டிரைவர். நாலு பேர் ஏறிய பிறகும் "இன்னும் ரெண்டே பேர்" என்றார்.

போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. இரும்புக்கடைக்காரரின் டெம்போ எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது.

பெட்டியைத் திறந்தேன். முதல் தட்டில் அத்திப்பழம், பூஞ்சணம் பிடித்து. நடுத்தட்டில் அப்பளம். கீழ்த்தட்டில் ஒரு குழந்தையின் ஈர ஸ்வெட்டர்.

"என்ன காகா இது?"

"குளிர்ல வேற எங்கம்மா காயும்? உங்கண்ணன் ரெண்டு நாள்ல பழம் காயும்னான். அஞ்சு நாளாச்சு. வர்றவன் போறவனுக்கெல்லாம் திறந்து திறந்து காட்டுறேன், எனக்குத்தான் மானம் போகுது."

குழாயைப் பார்த்தேன். கோணியைத் திணித்திருந்தார்கள். சூடு வெளியே போகிறதாம்! ஈரம் எப்படிப் போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அதைப் பிடுங்கும்போதுதான் கவனித்தேன். கண்ணாடி கிழக்கே பார்த்து நின்றது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும் என்று அண்ணன் தெற்கு பார்த்து வைத்துவிட்டு வந்தான். இப்போது மதியத்துக்கு மேல் வெயில் பின்பக்கம் போய், கண்ணாடிமேல் பெட்டியின் முதுகு நிழல்தான்.

"யாரு திருப்பினது?"

காகா மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அவர் மனைவி சுமன் மாவ்ஷி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தார்.

"நான்தான் திருப்பச் சொன்னேன். தெற்கு யமன் திசை. அந்தப் பையன் தெக்க பாத்து வச்சான், மறு வாரமே போயிட்டான். என் மகனும் பைக்லதான் கம்பெனிக்குப் போறான்."

"எங்கண்ணன் பள்ளத்துல விழுந்து செத்தான், மாவ்ஷி! ரோடு போட்டவன விட்டுட்டு சூரியன் மேல பழி போடாதீங்க."

கத்திவிட்டு அழுதேன். அவரும் அழுதார். காகா என்ன செய்வதென்று தெரியாமல் ஈர ஸ்வெட்டரை எடுத்து மடித்தார்.

"எடுக்கலாமா வேணாமா?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"தூக்கத்தானே வந்தீங்க, தாதா? இந்தப் பக்கம் பிடிங்க."

டெம்போவில் ஏற்றத்தான் என்று நினைத்து அவர் பிடித்தார். காகா மறுபக்கம் பிடித்தார். கண்ணாடி தெற்கே திரும்பியதும், இறக்குங்கள் என்றேன். இரும்புக்கடைக்காரர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கண்ணாடியைத் துடைத்தேன். புதுப் பழங்களைப் பிளந்து ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பினேன். கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். காகாவுக்குக் கை நிற்கவில்லை.

"ஒரே ஒரு தடவ பாக்கறேனே?"

"திறந்தா உள்ள இருக்கிற சூடெல்லாம் போயிடும். சும்மா இருங்க காகா."

வெயில் சாயத் தொடங்கியபோது மாவ்ஷி வந்து குழாய்க்கு மேல் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"ஈரமா, சூடா வருது. மாடு மூச்சு விடுற மாதிரி."

இரும்புக்கடைக்காரர் உடைந்த ஒரு பம்ப்பை மட்டும் ஏற்றிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்.

"தெக்க பாத்தே நிக்கட்டும்" என்றார் மாவ்ஷி. "ஆனா எனக்கு இன்னும் பயம் போகல. யாரு திறந்தாலும் அவன் பேரச் சொல்லி, அவனுக்காகக் கும்பிட்டுட்டுத்தான் திறக்கணும். செருப்பக் கழட்டிட்டு."

"ஒவ்வொரு தடவையுமா?" என்றார் காகா.

"ஒவ்வொரு தடவையும்."

"அப்ப நாளைக்கு ஒரு தடவதான் திறப்பேன்."

அடிக்கடி திறக்காதீர்கள் என்ற அந்த ஒன்றைச் சொல்லித்தான் அண்ணன் வீடு வீடாகத் தொண்டை கிழியக் கத்தினான். ஒருவரும் கேட்டதில்லை.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். எங்கள் வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அம்மா அழுவாள் என்று வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறோம். யாரோ ஒருவர் வீட்டில் தினமும் அவன் பெயரைச் சொல்லிக் கும்பிடப் போகிறார்கள். நீங்களும் ஒரு தடவை சொல்லுங்கள். அவன் பெயர் சரவணன். உங்கள் சாமி எதுவானாலும் சரி, அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.