சுவரில் வைத்த கை

என் மனைவியின் அண்ணன்தான் என்னைத் தேர்வில் ஃபெயில் போட்டவர். பதினாறு வருடம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. எங்கள் ராணுவ முகாமில் கைக்குண்டு எறியக் கற்றுத்தரும் ஆசிரியர் வேலைக்கு எட்டுப் பேர் நின்றோம், ஏழு பேர் தேறினார்கள். தேர்வு வைத்தவர் அவர். "குண்டு நழுவினப்ப நீ ரெக்ரூட் மூஞ்சியைப் பாத்தே, குண்டைப் பாக்கல" என்றார். அது மருந்தே இல்லாத வெறும் இரும்பு. அதற்கே அப்படி. அன்றிலிருந்து நான் கொடிக்காரன். குண்டு எறியும் திடலில், மேட்டின் மேல் சிவப்புக் கொடியோடு நிற்பேன். வீட்டில் "வாங்க மாப்ளே", திடலில் "டேய் கொடி".

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் அவர் பக்தன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மூன்று பக்கமும் மார்பளவு கான்கிரீட் சுவர் எழுப்பிய இடத்தைத் தொட்டி என்போம். அப்படி இரண்டு தொட்டி, பக்கத்துப் பக்கத்தில். உள்ளே ஒரு ரெக்ரூட், ஓர் ஆசிரியர். குண்டின் பின் ஊசியை இழுத்து, எறிந்து, இருவரும் சுவருக்குக் கீழே குந்த வேண்டும். வெடித்த பிறகுதான் எழலாம். வெடிக்காவிட்டால் பத்து நிமிடம் தலை தூக்கக் கூடாது. ரெக்ரூட் எல்லாம் படையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளைகள். ஒருவனுக்குக் கை வேர்க்கும், இன்னொருவனுக்கு மூத்திரம் முட்டும். அத்தனை பேரையும் இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் ஒட்டி நின்று எறிய வைத்தவர் என் மச்சான். ஒருவன் மேலும் ஒரு கீறல் இல்லை. பயந்தவனிடம் மட்டும் அவர் கத்த மாட்டார். "உங்க அம்மா உன்னை முழுசா அனுப்பினாங்க. நானும் முழுசாத்தான் திருப்பி அனுப்புவேன். இழுடா" என்பார்.

குந்தும்போது வலது உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொள்வார். அவரைப் பார்த்து ரெக்ரூட்டுகளும் வைக்க ஆரம்பித்தார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். வேறு முகாமிலிருந்து வந்த ஓர் அதிகாரி, "இங்க மட்டும் ஏன்யா எல்லாரும் சுவத்தைத் தடவுறானுங்க?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். மச்சானுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வெடித்துவிட்டது என்பதை அந்தக் கைதான் அவருக்குச் சொன்னது. வருடாந்திர சோதனையில் டாக்டரின் உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவார். ஆனால் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கிற எங்களிடம் மறைக்க முடியுமா? அவர் வீட்டு டிவியில் செய்தி ஓடினால் எங்கள் சமையலறையில் தட்டு அதிரும்.

ஒரு நாள் மனைவியிடம், "பெரியவர்கிட்ட சொல்லிரட்டுமா?" என்றேன். முகாமின் தலைமை அதிகாரியை அப்படித்தான் சொல்வோம்.

"சொல்லுங்க. எங்க அண்ணனைக் கிடங்குல கம்பளி எண்ண உக்கார வைப்பாங்க. ரிட்டயர் ஆக ஏழு மாசம் இருக்கு. ரொம்ப அழகா இருக்கும்." மடித்த துணியை அடுக்கி வைத்தாள். "அன்னைக்கு ஃபெயில் போட்டதுக்குப் பழி தீத்துட்டான்னுதான் பேசுவாங்க. பாத்துக்கங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வாயைத் திறந்தால் பழிகாரன். மூடினால் என்றைக்கு எவன் பிள்ளை சாவானோ. ஒவ்வொரு வெடிக்கும் அவர் எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

முந்தின நாள் மழை பெய்து திடல் சேறாகிக் கிடந்த ஒரு காலை. மறுபடியும் மேகம் கூடியதால், இரண்டு தொட்டியிலும் ஒரே நேரத்தில் எறியலாம் என்று உத்தரவு வந்தது. மச்சானோடு இருந்தவன் நெட்டையான ஒரு ரெக்ரூட். ஒட்டடைக்குச்சி என்று அவனுக்குப் பெயர் வைத்ததே மச்சான்தான். அவன் எறிந்த குண்டு சேற்றில் பொதக்கென்று விழுந்தது. வெடிக்கவில்லை. அந்த நேரம் பக்கத்துத் தொட்டிக்காரன் எறிந்தது வெடித்துச் சுவர் எல்லாம் குலுங்கியது. மச்சானின் கைக்கு அது போதும். எழுந்துவிட்டார்.

"சார், நம்மளுது வெடிக்கல சார்!" என்று பையன் அலறினான். அவர் முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். தலையும் தோளும் சுவருக்கு மேலே இருந்தன. முதுகு என் பக்கம் இருந்ததால் கொடியை ஆட்டிப் பயனில்லை.

"மச்சான்! உக்காருங்க மச்சான்!" என்று கத்தினேன். திடலில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியர் மேல் கை வைத்தால் ரெக்ரூட் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஒட்டடைக்குச்சி இரண்டு கையாலும் அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். பையன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினான். வெடித்தது தங்கள் குண்டு இல்லை என்று மச்சானுக்குப் புரிந்துவிட்டது. பத்து நிமிடம் அப்படியே கிடந்தார்கள். பிறகு வெடி நிபுணர் வந்து, தூரத்திலிருந்து கம்பி இழுத்து அதை வெடிக்க வைத்தார். சேறு தென்னை உயரம் எழும்பியது.

பையன் விறைப்பாக நின்றான். "சார், என்னை வீட்டுக்கு அனுப்பிருவீங்களா?"

"மெதுவா சொல்லு."

மறுபடி சொன்னான்.

"போய் சாப்பிடுடா. ஒரு கரண்டி கூடவே வாங்கிக்க. உன்னால என்னை இழுக்க முடிஞ்சதே பெரிய விஷயம்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சேற்றைக் கழுவும்போது என்னைக் கேட்டார். "எத்தனை நாளா தெரியும்?"

இரண்டு விரலைக் காட்டி, "வருஷம்" என்றேன்.

"ஏன்டா சொல்லல?"

"பழி வாங்குறேன்னு பேசுவாங்க மச்சான்." அவருக்கு எட்டவில்லை. காதருகே போய் மறுபடி கத்தினேன். சமையல்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"அன்னைக்கு ஃபெயில் போட்டது சரிதான். இன்னைக்குன்னாலும் அதையேதான் போடுவேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் முகத்தைத் துடைத்து, தொப்பியை நேராக வைத்தார். பிறகுதான் ஓர் உதவி கேட்டார். அவர் என்னிடம் சொன்ன கடைசி வேலை அதுதான்.

"இப்பவே பெரியவரைப் பாக்கப் போறேன். கூட வாங்க மாப்ளே. சொல்ல வேண்டியதை நானே சொல்லிருவேன். அவர் பேசறதுதான் எனக்குக் கேக்காது. பக்கத்துல நின்னு அவர் சொல்றதை அப்படியே என் காதுல சொல்லுங்க. திட்டினா திட்டையும் சொல்லணும். நான் நொந்துபோவேன்னு ஒரு வார்த்தையக்கூட முழுங்கிறாதீங்க."