என் மலையைத் திருத்தியவர்

அந்த இங்கிலீஷ் வாத்தியாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, தகரம் போட்ட மாடியில், அவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். காலேஜ் முடித்தும் நாலு வார்த்தை பேசத் தைரியம் இல்லாத பையன்களும் பெண்களும் சாயங்காலம் அங்கே வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு நடுவில் எட்டாவதோடு நின்றவன் நான் ஒருத்தன்.

எட்டாவதுக்குப் பிறகு நான் எங்கேயும் நிலைத்ததில்லை. திருப்பூரில் சாயத் தொட்டியில் நின்றேன். பாலக்காட்டுக்குப் போகிற லாரியில் கிளீனராகப் போனேன். கடைசியில் உக்கடத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒதுங்கினேன். கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கத்தான் சேர்த்தார்கள். முதலாளிக்குக் காய்ச்சல் வந்த ஒரு முகூர்த்தத்தில் கேமரா என் கைக்கு வந்தது, அப்புறம் இறங்கவில்லை. படுக்கை, பிலிம் கழுவுகிற இருட்டறையில். மருந்து நெடி பழகிவிட்டால் அங்கே ஒரு வசதி, கொசு அண்டாது.

அப்போதுதான் அந்த வேலையைப் பற்றித் தெரிந்தது. மலைமேல் புதிதாக விடுதி கட்டியிருந்த ஒரு கம்பெனி, வருகிறவர்களைப் படம் எடுக்கவும் காட்சிமுனைகளுக்குக் கூட்டிப் போகவும் ஆள் தேடியது. தங்க அறை கொடுப்பார்கள். ஜன்னல் வைத்த அறை. கேமரா கம்பெனியுடையது. ஒரே நிபந்தனை, இங்கிலீஷில் பேச வேண்டும். இருபத்தாறு வயதில் ஒரே இடத்தில் இருந்து செய்யக்கூடிய வேலை என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதற்காகத்தான் அந்தத் தகர மாடிக்கு ஏறினேன்.

வாத்தியாரின் முறை இது. இன்டர்வியூவில் கேட்கக்கூடிய கேள்வியை அவரே கேட்பார். ஒருவர் எழுந்து தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். அதை அவர் திருத்தி போர்டில் எழுதுவார். மற்ற எல்லோரும் அதைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, மறுநாள் ஒப்பிக்க வேண்டும். யாருடைய பதிலாக இருந்தாலும் போர்டுக்குப் போனால் அது எல்லோருக்கும் பொது.

ஒரு நாள் என்னைப் பார்த்தார். "ஏனுங்க போட்டோகிராபர், நீங்க சொல்லுங்க. இயற்கைக் காட்சியைப் படம் எடுக்கப் பிடிக்குமா? உங்களை அப்படித்தான் கேப்பாங்க."

பிடிக்காது என்றுதான் முதலில் சொன்னேன். அது உண்மை. எங்கள் தொழிலில் ஆள் இல்லாத படத்துக்கு மதிப்பில்லை. வெறும் மலைக்கு ஒரு பிலிமைச் செலவு செய்தால் முதலாளி வாயில் வருவதையெல்லாம் கேட்க வேண்டும். வகுப்பு சிரித்தது.

"பிடிக்காதுன்னு சொன்னா அதே வாசப்படியில திருப்பி அனுப்பிச்சுப் போடுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் வாத்தியார்.

யோசித்தபோது மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் யானை இறங்கி வாழைத் தோப்பை மிதித்துப் போட்டால், நஷ்ட ஈடு கேட்கிறவர்கள் மனுவோடு போட்டோவும் வைக்க வேண்டும். அதற்கு ஸ்டுடியோவில் இருந்து என்னை அனுப்புவார்கள். ஒரு தடவை, ஒரு அம்மாவின் தோப்பு முழுதும் படுத்துக் கிடந்தது. குலை தள்ளிய வாழை, இன்னும் ஒரு மாதத்தில் வெட்டியிருப்பார்கள். நான் கேமராவை எடுத்ததும் அந்த அம்மா தடுத்தது.

"படத்துல மலையும் உழுகற மாதிரி எடு கண்ணு. போன தடவ மலை உழுகாம, இது காட்டோரமே இல்லைன்னு ஆபீசர் சொல்லிப்போட்டாரு. யானை என்ன, பஸ்ஸுல வந்து திங்குதா?"

ஆனால் மலை இல்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கி மூடியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்தோம். அந்த அம்மா எனக்குச் சோளக்கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கிழிந்த வாழையிலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் மேகம் விலகி, மலை முழுசாகத் தெரிந்தது. அந்த அம்மா சட்டென்று எழுந்து ஓடி, முறிந்த வாழைகளுக்கு நடுவில் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இப்ப எடு," என்றது. எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஒரு பிரதி ஆபீசருடைய பைலுக்குள் போனது. நெகட்டிவ் முதலாளியின் பெட்டியில் இருந்தது.

இதைத்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மலைக்காகக் காத்திருந்தேன், மலை வந்தால்தான் ஆபீசர் நம்புவார், மலை வந்தது, அந்த அம்மா போய் நின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு 'சார்' போட்டேன். இந்தப் பக்கத்து வாய்க்கு மரியாதை இல்லாமல் வாக்கியம் முடியாது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெம்ப நல்லா இருக்குதுங்க. கொஞ்சம் திருத்தணும், அவ்வளவுதான்," என்று சாக்பீஸை எடுத்தார்.

பதிலில் இருந்து யானையை முதலில் எடுத்தார். பயமுறுத்தும் என்றார். வாழையை எடுத்தார். நஷ்டத்தைப் பற்றி விடுதிக்காரர்களிடம் பேசக்கூடாது. ஆபீசர் போனார். கடைசியில் அந்த அம்மாவையும் எடுத்துவிட்டார். "இயற்கைக் காட்சின்னா அதுல மனுஷங்க எதுக்குங்க?" மிச்சம் போர்டில் நின்றது ஒரு மலையும் மேகமும் பொறுமையாகக் காத்திருந்த ஒருவனும். 'பிரெத்டேக்கிங்' என்று ஒரு வார்த்தை சேர்த்தார். இயற்கை தன் முகத்திரையை விலக்கியது என்று ஒரு வரி சேர்த்தார். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். நானும் எழுதினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த நாளில் இருந்து அந்தப் பதிலை எழுந்து எழுந்து ஒப்பித்தோம். தோப்பே பார்க்காத பையன்கள், மேகம் விலகும்வரை காத்திருந்ததாகச் சொன்னார்கள். இருட்டறையில் பிலிம் கழுவும்போதும் நான் அதையே முணுமுணுத்தேன்.

இன்டர்வியூ அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டலில். எங்கள் வகுப்பில் இருந்து இன்னொருவனும் வந்திருந்தான், பி.காம் முடித்த பையன். அயர்ன் பண்ணின முழுக்கைச் சட்டை. கேமரா என்றால் அக்கா கல்யாணத்தில் பார்த்ததுதான். அவனை எனக்கு முன்னால் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, என் மலையை அவன் சொல்வது வரிக்கு வரி கேட்டது. தடுமாறவே இல்லை. நல்ல குரல் அவனுக்கு.

அடுத்தது நான். உள்ளே டை கட்டின ஒருவரும் ஒரு அம்மாவும் இருந்தார்கள். படங்களைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பேச்சு என்றார்கள். அதே கேள்வி வந்தது. வேறு ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யானை என்று தொடங்கப் பார்த்தேன், வாழை என்று தொடங்கப் பார்த்தேன். வரவில்லை. என் பழைய ஓட்டை இங்கிலீஷ் எங்கேயோ போயிருந்தது. அத்தனை தடவை ஒப்பித்ததில் போர்டில் இருந்தது மட்டும்தான் நாக்கில் இருந்தது. மேகம், பொறுமை, முகத்திரை, எல்லாம் தானாகக் கொட்டியது.

டை கட்டினவர் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே மேகத்துக்குத்தான் காத்திருந்தீர்களா என்று. அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

"இல்லீங்க சார், அது என்னோடதுங்க. தொண்டாமுத்தூர்ல யானை," என்று தமிழில் ஆரம்பித்தேன். அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். இங்கிலீஷ், ப்ளீஸ்.

அவ்வளவுதான். என் வாழ்க்கையை நான் திருடினதாக முடிவு செய்து அனுப்பிவிட்டார்கள்.

பி.காம் பையன் கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே நடந்ததை நான் சொன்னதும் பதறினான். "எனக்கு நினைப்பே வரலீங்ணா. போர்டுல இருந்துது, படிச்சேன். நீங்க சொன்னதுல யானை எல்லாம் வந்துதே? இது வேற மாதிரி இருக்கவும், சார் பதில்னே நெனச்சுப்போட்டேன்." அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை பிற்பாடு அவனுக்குத்தான் கிடைத்தது, வாங்கிக்கொள்ளட்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே மாடி ஏறினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே வாத்தியாரிடம் கேட்டேன். "ஏனுங்க சார், என் பதிலை ஊருக்கே குடுத்துப்போட்டீங்களேங்க. நான் எதைங்க சொல்றது?" கேட்கும்போதே எனக்கு அவமானமாக இருந்தது. அத்தனை கோபத்திலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "உக்காருங்க. உங்களோடதுன்னா எதுங்க? நீங்க சொன்னது அப்படியே இருந்தா யார் எடுத்துச் சொல்லியிருப்பாங்க? எல்லாரும் எடுத்துக்கிட்டது நான் திருத்துனதைத்தானுங்க."

நான் வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், நான் குறுக்கே பேசியதால் பதிலைப் பாதியில் நிறுத்தினவள். மறக்க முடியாத நாள் எது என்பது அன்றைய கேள்வி. மில் மூடின நாளில் அவள் அப்பா டிபன் கேரியரைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். போர்டில் பாதி ஏறிவிட்டிருந்தது. மில் அதில் இல்லை. அப்பா காலையில் நடைப்பயிற்சி போகிறவராக மாறியிருந்தார்.

"அம்மணி, சொந்தக் கதை எதையும் இங்க சொல்லாதீங்க. உங்களுக்கே திரும்பக் கிடைக்காது," என்றேன்.

அவள் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் அவளுக்கு ஏதோ கம்பெனியில் இன்டர்வியூ என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

"அப்புறம் எதைச் சொல்லி நாங்க வேலை வாங்கறதுங்க?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள், என்னிடம் பதில் இருக்கும் என்பது போல.

வாத்தியார் சாக்பீஸோடு பொறுமையாகக் காத்திருந்தார். அவள் திரும்பி நின்று, விட்ட இடத்தில் இருந்து சொல்லத் தொடங்கினாள். நான் படி இறங்கினேன். பாதிப் படியில் அவர் குரல் கேட்டது, வெரி குட், இன்னொரு தடவை சொல்லுங்க என்று.