வெறும் டப்பா

எங்கள் வீட்டு அலமாரியில் ஓர் எவர்சில்வர் டப்பா எப்போதும் காலியாகவே இருக்கும். மூடியில் என் பேர் வெட்டியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதில் பருப்பையோ ரவையையோ கொட்டப் போனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எல்லாம் எதிர்வீட்டு அக்காவால்தான்.

நான் ஆசிரியையாக ஆரணிக்கு மாற்றலாகி வந்த புதிதில், எங்கள் பழக்கம் இந்த டப்பாவில்தான் தொடங்கியது. அக்கா பட்டுத்தறி வீட்டுக்காரி. நான் கொழுக்கட்டை கொடுத்தால் முருங்கைக்கீரை திரும்பி வரும். கீரை இல்லாத நாளில் கறிவேப்பிலை, அதுவும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது யாரும் சொல்லித் தராமலே தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

நான் கதை எழுதுகிறவள் வேறு. கண்ணில் பட்டதையெல்லாம் கதையாக்கும் புத்தி. இரண்டு சிநேகிதிகளைப் பற்றி ஒன்று எழுதினேன். கடைசியில் ஒருத்தி மற்றவளின் டப்பாவை வெறுமனே திருப்பி அனுப்புவாள். அத்தோடு நட்பு முடிந்துவிடும். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு நானே மறந்துபோன பிறகு அது வெளிவந்தது. அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டியவள் அவளுடைய மருமகள்.

மறுநாளிலிருந்து அக்கா என்னிடம் பேசவில்லை. வாசலில் என் தலை தெரிந்தால் உள்ளே போய்விடுவாள். குழாயடிக்கு நான் போனால் பாதிக் குடத்தோடு கிளம்பிவிடுவாள். என்ன தப்பு செய்தேனென்று புரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைத்தெருவில் மருமகளை மடக்கிக் கேட்டேன். "அத்த உங்க மேல கோவமா கீறாங்க, நீங்களே கேட்டுக்குங்க" என்று நழுவினாள். கேட்கப் பயமாக இருந்தது. அக்கா வாயால் 'இனிமேல் வராதே' என்று கேட்டுவிட்டால் அந்தத் தெருவில் நான் எப்படிக் குடியிருப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தன் கணவருக்கு நெஞ்சுவலி வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில், எங்கள் டப்பாவைக் கழுவி வெறுமனே என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலும் அது அவளை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் பிழைத்து வீடு வந்து சேர்ந்தால், அதையே நான் அச்சில் போட்டு ஊருக்குக் காட்டியிருக்கிறேன்.

"அந்த நேரத்துல நான் சர்க்கர டப்பாவ தேடிகினு இருப்பனா?" என்றாள்.

எனக்கு அது தெரியவே தெரியாது. டப்பாவை வாங்கி வைத்த என் கணவருக்கு உள்ளே பார்க்கத் தோன்றவில்லை. வேலூருக்குப் போய் அக்காவின் கணவரைப் பார்த்து வந்த எனக்கும் டப்பா ஞாபகம் வரவில்லை. கதை அதற்கெல்லாம் முன்பே எழுதியது என்று சொல்லச் சொல்ல, என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. அக்கா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு விடுவிடுவென்று அடுக்களைக்குப் போனாள். அந்த டப்பாவை எடுத்து, அதிலிருந்த ரவையைத் தட்டில் கவிழ்த்து, முந்தானையால் துடைத்து, மூடியைப் போட்டு என் கையில் திணித்தாள்.

"இந்தா, வெறும் டப்பாவத்தான் குடுக்கறேன். இப்ப சொல்லு டீச்சரு, நமக்குள்ள அறுந்துடுச்சா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப காபி போடு" என்று உட்கார்ந்தாள்.

இப்போது அக்கா கலசப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். போனில் பேசினால் உடம்பு, மழை, பேரன் படிப்பு எல்லாம் முடிந்தபின் அந்தக் கேள்வி வரும்.

"டப்பா காலியாத்தான கீது?"

"காலியாத்தான் இருக்குக்கா."

"இருக்கட்டும். எதனா போட்டு வெச்சிடாத."