ஆயுத பூஜை வாரத்தில் எடுத்த அளவு

பதினொரு சர்வர்களை இரண்டு பெரிய மிஷின்களுக்குள் அடக்கப்போகிறோம் என்று எங்கள் மேனேஜர் சொன்னபோது நான் எதிர்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் புது மிஷினுக்கே எதிரி என்று பிறகு கதை கட்டினார்கள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவரும் நானும்தான். பழைய சர்வர்கள் சூட்டில் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. மாற்றத்தான் வேண்டும்.

விஷயம் எளிது. பிள்ளைப்பாக்கத்தில் ஒரே வீட்டைத் தடுத்து எட்டு அறையாக்கி, வேலைக்கு வரும் பெண்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களே, அதுதான். ஒரு மிஷினுக்குள் தடுப்புப் போட்டுப் பல சர்வர்கள் குடியிருக்கும். காலையில் எட்டு அறையும் ஒன்றாக எழுந்தால் தொட்டியில் தண்ணீர் இருக்குமா? அதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் சர்வர்கள் எழுவது ஷிப்ட் மாறும் ஆறு மணிக்கு. வருகைப்பதிவு, கேன்டீன் டோக்கன், லைன் கணக்கு, லேபிள் பிரிண்ட் எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும்.

அளவெடுக்க வந்த ஆலோசகர் ஒரு வாரம் தன் மென்பொருளை ஓடவிட்டார். எந்த வாரம்? ஆயுத பூஜை வாரம். லைனை நிறுத்தி, மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நான்கு நாள் தொழிற்சாலையே அசையாமல் கிடந்த வாரம். யாரும் குறுக்கே வரமாட்டார்கள், நிம்மதியாக அளக்கலாம் என்று மேனேஜரே பார்த்துக் கொடுத்த வாரம். சர்வர் ரூம் கதவுக்கும் பொட்டு வைத்திருந்தோம்.

“சார், இந்த வாரம் சர்வர் சும்மா கிடக்குது. இதை அளந்து என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டேன்.

“ஏழு நாள் டேட்டா போதும் மேடம். ஆவரேஜ் எடுத்துக்கலாம்” என்றார், பூஜைப் பொரியை மென்றுகொண்டே.

எல்லாரும் ஊருக்குப் போன பொங்கல் வாரத்தில் அந்த வாடகை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, எட்டு அறைக்கும் ஒரு குடம் தண்ணீர் போதும் என்று எழுதுவானா ஒரு மனுஷன்? ஆலோசகரின் அறிக்கை என் கையெழுத்துக்கு வந்ததும் மேனேஜரிடம் போய்க் கத்தினேன்.

“இன்னா மேடம், எப்பப் பாத்தாலும் சண்டைக்கு நின்னுகினே கீறீங்க? கையெழுத்தப் போடுங்க. ஹெட் ஆபீஸ்ல கேட்டுகினே கீறாங்க.”

போட்டேன். வாயால் கத்திவிட்டுக் கையால் ஒப்புக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் எரிகிறது.

புது மிஷின்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாற்றினோம். திங்கள் காலை, கேட்டில் முகம் பார்த்து வருகை பதியும் மிஷின்கள் மூன்றும் உறைந்து நின்றன. பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கினார்கள். வரிசை சாலை வரை போய்விட்டது.

“மூஞ்ச நேரா காட்டும்மா!” என்று செக்யூரிட்டி அதட்டினார்.

“பொண்ணு பாக்க வந்தவுக கூட என்னைய இவ்வளவு நேரம் பாக்கலண்ணே” என்றாள் தெற்கத்திப் பெண் ஒருத்தி. வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய கம்ப்யூட்டர் பிரிவு அட்டையைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எக்கா, எனக்கு ஏற்கெனவே ரெண்டு லேட்டு விழுந்துட்டு. மூணாவது விழுந்தா நாளையில இருந்து வராதன்னு சொல்லிருவாவ.”

ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாதத்தில் மூன்று முறை தாமதம் என்றால் வேலை போச்சு. அதுதான் அங்கே சட்டம். செக்யூரிட்டியிடம் இருந்த நோட்டைப் பிடுங்கி, வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் பணியாளர் எண்ணையும் வந்த நேரத்தையும் எழுதினேன். மிஷின்கள் உயிர்பெற்று முகங்களைப் பதியத் தொடங்கியபோது மணி ஆறு நாற்பது தாண்டிவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு பணியாளர் பிரிவுக்குப் போனேன்.

“சிஸ்டத்துல ஆறு நாற்பத்தொண்ணுன்னு இருக்கு மேடம்” என்றார் அங்கிருந்த அதிகாரி. “சிஸ்டம்தான் தப்புன்னு உங்க டிபார்ட்மென்ட்ல எழுதிக் குடுங்க, நோட்டை ஏத்துக்கறேன்.”

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “எழுதினா, யாரு அளந்தது, யாரு ஒத்துக்கினதுன்னு நோண்டுவாங்க. உங்க கையெழுத்தும் கீது, மறந்துடாதீங்க. அதுங்க லேட்டுன்னா லேட்டுதான், வுடுங்க.”

அதுங்க! ஐந்தே முக்காலுக்கே வந்து, சாலைத் தூசியில் நின்று, செத்த மிஷினுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் அதுங்களாம்!

அவர் எதிரிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அளவு, லைன் ஓடாத வாரத்தில் எடுக்கப்பட்டது. அது தெரிந்தே நான் கையெழுத்துப் போட்டேன். திங்களன்று தாமதித்தது சர்வர், ஆட்கள் அல்ல. பணியாளர் பிரிவுக்கும் ஹெட் ஆபீஸுக்கும் ஒன்றாக அனுப்பினேன்.

நோட்டை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைய லேட் எல்லாம் அழிக்கப்பட்டது. அந்தப் பெண் இன்றும் அதே ஷிப்டுக்கு வருகிறாள். கவனக்குறைவு என்று மெமோ வந்தது எனக்கு மட்டும்.

முழு உற்பத்தி நடந்த ஒரு வாரத்தில் ஆலோசகர் மறுபடி வந்து அளந்தார். உச்ச நேரத்தைக் கணக்கில் எடுப்பது அவசியம் என்று, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல், அறிக்கையைத் தொடங்கியிருந்தார். மெமரியை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருந்தார். கையெழுத்துக்கு நீட்டினார்.

“எந்தெந்த நாள் அளந்தீங்கன்னு முதல் பக்கத்துல எழுதுங்க. லைன் ஓடிச்சா இல்லையான்னும் எழுதுங்க.”

“அதெல்லாம் எதுக்கு மேடம்?”

பேனாவை மூடி வைத்தேன். அவர் எழுதி முடிக்கும்வரை திறக்கவில்லை.