நண்டு வாங்குகிற கொம்பனி

கப்பல்துறையில் நாங்கள் நண்டுச் சதை பிரிக்கும் தொழிற்சாலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு மேலாளர் வந்தார். நரைத்த தாடி, மெல்லிய குரல். யாரோடு பேசினாலும் முதலில் தொப்பியைக் கழற்றிவிடுவார். நல்ல மனிதர் என்றே நினைத்தோம்.

சம்பளத்தைக் கூட்டித் தரும்படி கேட்டபோதெல்லாம், நண்டை வாங்கும் சிங்கப்பூர்க் கொம்பனி விலையைக் கூட்டவில்லை என்றே எங்களுக்குப் பதில் வந்திருந்தது. அதனால் பெண்கள் எல்லாருக்குமாக நான் போய் அவரிடம் கேட்டேன்.

"ஐயா, அந்த வாங்கிற ஆக்களோட நாங்கள் ஒருக்கா கதைக்க ஏலாதா?"

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அதுவும் நாங்கள்தான், பிள்ளை."

"நீங்கள் விக்கிற ஆக்கள் அல்லோ?"

"ஓம். வாங்கிறதும் நாங்கள்தான். அங்க வரி குறைவு. இங்கயிருந்து மலிவா வித்தால் லாபம் அங்க நிக்கும். பெரிய கொம்பனியள் எல்லாம் இப்பிடித்தான்."

இத்தனை காலமும் கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கல்நெஞ்சுக்காரனை அல்லவா திட்டிக்கொண்டிருந்தோம்!

வாசலில் காத்திருந்தவர்கள், "வாங்கிறவன் என்னவாம்?" என்று கேட்டார்கள்.

"அந்தா, காரில ஏறுறார்" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

அவர் என்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.