வளரக் கூடாத வருஷம்

வளைகுடா நாட்டில், குதைபியாவில் எங்கள் ஃப்ளாட்டிலேயே தங்கியிருந்த சித்தப்பா ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுப்பவர். அவருடைய உயிர்ச் சிநேகிதர் வீடியோ மாமா. காயல்பட்டினத்துக்காரர், கல்யாண வீடியோ எடுப்பவர். வெள்ளிக்கிழமை ஆனால் இருவரும் சேர்ந்து கதையும் பாட்டும் இல்லாத படங்கள் எடுப்பார்கள். மின்விசிறியின் நிழலைக் கால் மணி நேரம் படம்பிடித்துப் போட்டுக்காட்டி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது கதாநாயகி வேஷம் வாய்த்தது. அடேயப்பா, தலைகால் புரியவில்லை! வெள்ளிதோறும் கீழே மளிகைக்கடைச் சுவரை ஒட்டி அதே மஞ்சள் கவுனில் நான் நிற்க வேண்டும். சித்தப்பா ஒரே ஒரு ஃபோட்டோ எடுப்பார். வருஷம் முடிந்ததும் ஃபிலிமை எல்லாம் கழுவி, வீடியோ மாமா வரிசையாக ஓடவிட்டுப் படமாக்குவார். அதுவரை ஒன்றைக்கூடப் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம். வீடியோ மாமாவுக்கு ஊரில் என் வயதில் ஒரு மகள். அவளைப் பார்த்து மூன்று வருஷம். லீவில் போகும் முன் படம் முடிய வேண்டும் என்று துடித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாளே சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“எதுவும் மாறக் கூடாது. மாறுனா படம் அவ்வளவுதான்.”

அன்று சுவரிலிருந்த நீலக் கோடு என் உச்சந்தலைக்கு நேராக இருந்தது. சில மாதம் கழித்துக் கையை வைத்துப் பார்த்தால், தலை கோட்டைத் தாண்டிவிட்டது! படம் போச்சே! யாரிடமும் மூச்சு விடவில்லை. வளர்கிற பெண் என்று அம்மா பெரிதாக வாங்கிய கவுன் கணுக்கால்வரை தொங்கியதால், உள்ளே முழங்காலை மடக்கிக் கோட்டுக்குச் சரியாக நின்றேன். வாராவாரம் அப்படித்தான்.

வருஷம் முடிந்து, படம் எங்கள் வீட்டு டிவியில் ஓடியது. வெயில் மாறியது, கடைவாசலில் பெட்டிகள் மாறின. நான் மட்டும் வளரவே இல்லை. நீ வளர்றதுதானே படம் என்று சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். நான் பெருமையாக ரகசியத்தைச் சொன்னேன்.

வீடியோ மாமா திட்டவில்லை. கேமராவோடு என்னைக் கீழே இழுத்துப்போய், அதே சுவரில் அதே மாதிரி மடங்கி நிற்கச் சொன்னார்.

“இப்ப மெல்ல நிமிரு, புள்ள. அவசரம் வேணாம்.”

நிமிர்ந்தேன். ஒரு வருஷ வளர்ச்சி, நாலே நொடி. இதுதான் படம் என்று சித்தப்பா அவரைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

மேலே வந்து வீடியோ மாமா அந்த நாலு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். அம்மா நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை. என் நடிப்பில் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்து, எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ணினேன். பத்து விரலும் போதவில்லை.